காட்டுப்பூனைத் தோட்டாக்கள்!

1895, அக்டோபர் மாதம். முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. அதுவரை மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழிநெடுக நெல் விளைந்தது. தேனி மாவட்டத்தில் இன்றும் பென்னிகுயிக் படம் மாட்டிய வீடுகளையும் கடைகளையும் பார்க்கலாம்.

அதே 1895-ல், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் வின்செஸ்டர் கம்பெனி ஒரு புது ரைஃபிளை வெளியிட்டது. பெயரே 'மாடல் 1895'தான். அணைக்கும் அந்த ரைஃபிளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் அந்த ரைஃபிள் ஒன்று தமிழ்நாட்டுக் காடுகளுக்குள் வந்து பெரும் புகழ் பெற்றது. அதை ஏந்தி வந்தவர் கென்னத் ஆண்டர்சன்.

டெக்ஸ் வில்லர் கையில் இருப்பது

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரைத் தெரியும். ஜெய்சங்கர் நடித்த கௌபாய் படங்களைப் பார்த்த தாத்தாக்களுக்கும் அந்தத் துப்பாக்கி தெரியும். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கம்பி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'சடக் சடக்' என்று சத்தம் வரும். சுட்டு முடித்த காலிக்கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். இதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய லீவர் ரைஃபிள்களில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் நிற்கும் தோட்டாவின் முனை, முன்னால் நிற்கும் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதியின் நடுவில்தான் நெருப்பு பற்றவைக்கும் 'கேப்' இருக்கிறது. முனை கூர்மையாக இருந்து, துப்பாக்கி ஒரு குலுக்கு குலுங்கினால் போதும். குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும்.

அதனால் இந்த ரைஃபிள்களுக்கு மொட்டை முனைக் குண்டுகளையே பயன்படுத்தினார்கள். மொட்டை முனை காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகாது. துப்பாக்கியின் வயிறு தோட்டாவின் மூக்கைத் தீர்மானித்தது! 2005-ஐ ஒட்டித்தான் ரப்பர் போல நெகிழும் முனை வைத்த குண்டை அமெரிக்காவின் ஹார்னடி கம்பெனி கொண்டுவந்து இந்தச் சிக்கலுக்கு வழி கண்டது.

ஜான் பிரவுனிங் என்ற மேதை 1895 மாடலை வடிவமைத்தபோது, குழாயையே தூக்கிவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். கூர்முனைக்குக் கதவு திறந்தது. ராணுவங்களும் இதைத் தேடின. முதல் உலகப் போரில் ரஷ்யா ஏறத்தாழ 3 லட்சம் ரைஃபிள்களை வாங்கியது.

இந்த ரைஃபிளுக்காகவே 1904-ல் .405 வின்செஸ்டர் என்ற தடித்த தோட்டா வந்தது. குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இதையும் எடுத்துப்போனார். சிங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்பது அவர் கருத்து.

ஆண்டர்சன் 1910-ல் பிறந்தவர். பெங்களூருவில் வாழ்ந்து, 1974-ல் அங்கேயே மறைந்தார். ஜவளகிரி, பென்னாகரம் என்று அன்றைய சேலம் மாவட்டக் காடுகளில் சுற்றி, ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிய கதைகளை அவர் எழுதினார். முதல் புத்தகம் 1954-ல் வெளிவந்தது. அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பாத்திரம் அந்த .405 வின்செஸ்டர். தென்னிந்தியாவில் லீவர் ரைஃபிள் என்றால் வேட்டைக்கதை வாசகர்களுக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

கூடு பழசு, கழுத்து புதுசு

தோட்டா வேறு, குண்டு வேறு. பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, அடியில் கேப், வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். கூடு கீழே விழுந்துவிடும்.

கம்பெனி எந்த அளவில் தயாரிக்கிறதோ, அந்த அளவில்தான் தோட்டா கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் சிலருக்கு அது போதவில்லை. ரெடிமேட் பேண்ட் வாங்கி, தையல் கடையில் கொடுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறோம் இல்லையா? அதுபோல, கடையில் கிடைக்கும் கூட்டை வாங்கி, அதன் கழுத்தைக் குறுக்கியோ அகட்டியோ, தோளை நிமிர்த்தியோ, தங்களுக்கு வேண்டிய குண்டு பொருந்தும்படி மாற்றிக்கொண்டார்கள். துப்பாக்கியின் உள்ளறையையும் அதற்கேற்பக் கடைந்தார்கள். எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லாத இந்தத் தோட்டாக்களுக்கு வந்த பெயர் 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை. அமெரிக்க வழக்கில் அனுமதியோ அங்கீகாரமோ இல்லாத காரியத்துக்கெல்லாம் அந்தப் பெயர் உண்டு.

லீவர் ரைஃபிளில் இப்படிப் பிறந்தவற்றுள் புகழ்பெற்றது .450 அலாஸ்கன். அலாஸ்காவில் மனிதனைவிடப் பல மடங்கு எடையுள்ள பழுப்புக் கரடிகள் உண்டு. புதருக்குள் நாலடி தூரத்தில் கரடி எழுந்து நின்றால், அடுத்தடுத்துச் சுட லீவர் ரைஃபிள் வசதி. ஆனால் கையில் இருந்த வின்செஸ்டர் மாடல் 71-க்குக் கிடைத்த .348 தோட்டா அதற்குப் போதாது என்று பலர் நினைத்தார்கள். அங்கே கூப்பர் லேண்டிங் என்ற சிற்றூரில் இருந்த ஹரால்ட் ஜான்சன் என்ற துப்பாக்கிக் கம்மியர், 1950-களில் அந்த .348 கூட்டின் வாயை அகட்டி, ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குண்டைப் பொருத்தும்படி செய்தார். பிறகு இன்னும் அகட்டி .50 அலாஸ்கனும் செய்தார்.

காட்டுப்பூனையாகப் பிறந்து வீட்டுப்பூனையான தோட்டாக்களும் உண்டு. .22-250 என்ற தோட்டா பல ஆண்டுகள் தனிமனிதர்களின் பட்டறைகளில் மட்டும் இருந்தது. 1965-ல் ரெமிங்டன் கம்பெனியே அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இதெல்லாம் விளையாட்டாகச் செய்யும் வேலை கிடையாது. தோட்டா வெடிக்கும் கணத்தில் கூட்டுக்குள் ஏறும் அழுத்தம், லாரி டயருக்குள் இருப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அதைத் தாங்குவது கூடு அல்ல, துப்பாக்கியின் எஃகுப் பூட்டு. பல லீவர் ரைஃபிள்களில் அந்தப் பூட்டு பின்பக்கமாக இருப்பதால், அழுத்தத்தில் எஃகு மயிரிழை அளவு நீளும். போல்ட் ரைஃபிள் தாங்குகிற அழுத்தத்தை இது தாங்காது. எனவே ஒரு காட்டுப்பூனையை உருவாக்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு வேகம்?' என்பது அல்ல. 'இந்தத் துப்பாக்கி எவ்வளவு தாங்கும்?' என்பதுதான். அதை அளக்கத் தனிக் கருவிகளும் சோதனைக் குழல்களும் உண்டு. அளக்காமல் ஊகித்தவர்கள் கண்ணையும் விரலையும் இழந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் தோட்டாவைச் செதுக்கியது சட்டம்

அமெரிக்காவில் கரடி தோட்டாவின் அளவை மாற்றியது. இந்தியாவில் அதை மாற்றியது சட்டம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானை, காட்டெருது வேட்டைக்கு வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் விரும்பிய அளவு .450. ஆனால் அரசாங்கத்துக்கு ஒரு பயம் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளும் அதே தடிமன் குண்டைச் சுடுவது. வேட்டைக்கு என்று வரும் குண்டுகள் கலகக்காரர்கள் கைக்குப் போனால்? இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுக்கு அரசு தடை போட்டது.

லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. இந்தியச் சந்தையை விட மனசு வருமா? அளவைக் கொஞ்சம் கூட்டி, புதுத் தோட்டாக்களை வரிசையாக இறக்கினார்கள். ஹாலந்து அண்ட் ஹாலந்து .465 கொண்டுவந்தது. ஜோசப் லாங் கம்பெனியின் .470 வந்தது. பிறகு ஆப்பிரிக்க யானை வேட்டையில் அதிகம் பேர் வாங்கிய இரட்டைக்குழல் தோட்டா என்ற பெயரை அந்த .470 பெற்றது. இந்தியாவில் போட்ட ஒரு தடை, ஆப்பிரிக்கக் காட்டின் கதையை மாற்றிவிட்டது!

இரண்டாவது கதை இன்னும் நெருக்கமானது. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' எல்லோருக்கும் தெரியும். .303 பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. பொதுமக்கள் அதை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதனால் ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்திய மன்லிக்கர் தோட்டாவின் வடிவத்தை எடுத்து, வேட்டைக்கான குண்டைப் பொருத்தி, 8 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றை உலவவிட்டார்கள். அதுதான் .315. சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைகளே அதைத் தயாரித்தன. இஷாப்பூரில் ரைஃபிள், புனே அருகே கட்கியில் தோட்டா. ஆஸ்திரியா கைவிட்ட தோட்டா, இந்திய விவசாயியின் உரிமத் துப்பாக்கியில் உயிரோடு இருக்கிறது.

'தடை செய்யப்பட்ட காலிபர்' என்ற சொல் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதன் வேர் அந்தப் பழைய பயம்தான்.

வீட்டுப் பட்டறையில் செய்யலாமா?

இந்தியாவில் இதற்கு ஒரே பதில்: கூடாது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தயாரிக்கும் உரிமம் வேறு. தோட்டா மட்டும் அல்ல, அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட 'அம்யூனிஷன்' என்ற விளக்கத்துக்குள் வருகின்றன. 2019-ல் வந்த திருத்தம், சட்டவிரோதத் தயாரிப்புக்கான தண்டனையைக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என்று உயர்த்தியது. ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததையும் 2 ஆக்கியது.

எனவே அலாஸ்காக் கம்மியரின் வேலையை யூடியூபில் பார்த்து ரசிக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேகமலையின் அடிவாரத்தில்

கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே எழும் மேகமலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ஹை வேவி'. அலை அலையாக எழும் மலை. தேயிலையும் காபியும் ஏறிய காலத்தில், தோட்டத் துரைமார் பங்களாவில் துப்பாக்கியும் ஒரு சாமான்.

ஆனால் அந்த மலையிலிருந்து உலகத்துக்குப் போன பெருமை வேட்டைக்கோப்பை அல்ல. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். சாதாரண வகை என்று நினைத்து அதை அருங்காட்சியகப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். 1972-ல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதைப் பரிசோதித்து, உலகம் அறியாத புது இனம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரை வைத்தார்.

அதே 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு முழுப் பூட்டு போட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. தமிழ்நாட்டின் 5-ஆவது காப்பகம்.

காடு பாதுகாக்கப்பட்டது நல்லது. ஆனால் காட்டு ஓரத்தில் கடன் வாங்கி வாழையும் மக்காச்சோளமும் போட்டவருக்கு, காட்டுப்பன்றி ஒரே இரவில் வயலைக் கிளறிப் போட்டால், அது பத்திரிகையில் படிக்கும் விஷயம் அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அந்தக் கோபத்தில்தான் சிலர் நாட்டுத் துப்பாக்கியைத் தேடுகிறார்கள். சிலர் பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடியை மறைத்து வைக்கும் 'அவுட்டுக்காய்' வரை போய்விடுகிறார்கள்.

நாட்டுத் துப்பாக்கியும் ஒருவகையில் கையால் செய்த 'காட்டுப்பூனை'தான். அதிலும் பட்டியலில் இல்லாத அளவு, பட்டறையில் செய்த பாகம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே அளந்து செய்கிறார்கள், இங்கே கைப்பிடிக் கணக்கில் கெட்டிக்கிறார்கள். குழல் எவ்வளவு தாங்கும் என்று கெட்டிப்பவருக்கும் தெரியாது, செய்து கொடுத்தவருக்கும் தெரியாது. குழல் பிளந்தால் முதலில் போவது சுடுபவரின் முகம். அவுட்டுக்காய் இன்னும் கொடுமை. அதற்குப் பன்றி யார், யானை யார், மேயப்போன பசு யார் என்று தெரியாது. வாய் சிதைந்த யானை தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி சிறியதுதான், ஆனால் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழிப்பதை வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறையில் மனு கொடுக்கலாம். சேதமான வயலை அப்படியே வைத்து, அன்றைக்கே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் வனத்துறைக்கும் தகவல் சொல்வது மனுவுக்கு உதவும். பணம் வரத் தாமதம் ஆகிறது, வருவது போதவில்லை என்ற குறை விவசாயிகளிடம் உண்டு. அந்தக் குறை தீராதவரை, மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கிக்குக் கிராக்கி தீராது. கெடுபிடி ஒரு பாதி வேலை என்றால், இழப்பீடு காலத்தில் கைக்கு வருவது மறுபாதி.

உயிரை எடுக்காத தோட்டா

2023 மே 27. கம்பம் நகரத் தெருவுக்குள் அரிக்கொம்பன் யானை ஓடி வந்ததை நாடே செல்போனில் பார்த்தது. கேரளாவின் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்ட யானை, மேகமலை வழியாக இறங்கி வந்துவிட்டது. நகரத்தில் 144 தடை உத்தரவு. அன்று யானையிடம் சிக்கி அடிபட்ட ஒருவர் பிறகு உயிரிழந்தார்.

நூறு வருடங்களுக்கு முன்னால் என்றால், இந்த இடத்தில் .470-ஐ எடுத்திருப்பார்கள். 2023-ல் எடுத்தது மயக்க ஊசித் துப்பாக்கி.

அதிலும் வேலை அளவுதான். யானையின் எடையைக் கண்ணால் பார்த்துக் கணித்து, கால்நடை மருத்துவர் மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். குறைந்தால் அரை மயக்கத்தில் யானை கூட்டத்தின் மேல் பாயும். கூடினால் எழுந்திருக்காது. தூரத்துக்கு ஏற்ப ஊசியைத் தள்ளும் அழுத்தத்தையும் மாற்ற வேண்டும். அழுத்தம் குறைந்தால் தோலில் பட்டுத் தெறித்துவிடும், கூடினால் உடம்பைத் துளைத்துவிடும். எந்த விலங்கு, எவ்வளவு தூரம், எவ்வளவு தாங்கும் என்று அலாஸ்காக் கம்மியர் கேட்ட அதே கேள்விகள்தான். நோக்கம் மட்டும் நேர் எதிர்.

ஜூன் 5 அதிகாலை, சின்னமனூர் பக்கம் அரிக்கொம்பன் மீது ஊசி பாய்ந்தது. கும்கி யானைகள் தள்ளிக்கொடுக்க, லாரியில் ஏறியது. திருநெல்வேலி மாவட்டம் களக்காடு-முண்டந்துறை காப்பகத்துக்குக் கொண்டுபோய், மேல் கோதையாறு பக்கம் காட்டில் விட்டார்கள். கழுத்தில் மாட்டியிருந்த ரேடியோ காலர், அது போகும் இடத்தை வனத்துறைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.